படகு இயந்திரமும் நீர்க்கசிவும்

தூத்துக்குடிக் கடற்கரையில் முன்னாளில் பாயும் துடுப்புமே கடலோடிகளின் துணை. முத்துக் குளிப்போர் காற்றின் போக்கறிந்து பார்களுக்குச் சென்று மீண்டனர். இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ஆம் ஆண்டில். இன்றோ, அதிகாலையில் புறப்பட்டு இரவில் கரை திரும்பும் விசைப்படகுகள் டீசல் இயந்திரத்தை நம்பியே கடலில் இறங்குகின்றன. நடுக்கடலில் அது சூடேறி நின்றுவிட்டால் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை. படகில் உள்ளோரின் உயிருக்கும் ஆபத்து நேரும். இத்தகைய விபத்துக்குப் பெரும்பாலும் சிறு நீர்க்கசிவே தொடக்கமாக அமைகிறது. கிணற்றடியில் டீசல் இயந்திரம் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களுக்கும் இதிற் பல செய்திகள் பயன்படும்.

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சிய வெப்பம் புகையுடனும் குளிர்நீர் மூலமாகவும் வெளியேற வேண்டும். பல படகு இயந்திரங்களில் இதற்கு இருவகை நீர் உண்டு. கூலண்ட் கலந்த நன்னீர் இயந்திரத்தினுள்ளேயே சுற்றி வரும். பம்பு இழுக்கும் கடல்நீர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் வெப்பமாற்றியில் மெல்லிய குழாய்களின் வழியே ஓடி, அந்நன்னீரின் சூட்டை வாங்கிக்கொண்டு கடலுக்கே திரும்பும். இரண்டும் கலத்தல் கூடாது.

தொட்டியில் நீர் அடிக்கடி குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு வாளாவிருத்தல் தவறு. குறைந்த நீர் எங்கே சென்றது என்று கேட்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளே உண்டு: படகின் அடித்தளத்துக்கு, இயந்திரத்தின் உட்புறத்துக்கு, அல்லது கடலுக்கு.

சோதனைக்கு முன் இயந்திரம் நன்கு ஆற வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் சீறிப் பாயும். சூடேறிய இயந்திரத்தில் திடீரெனக் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஹெட் விரிசல் காணலாம்.

முதலில் வெளிப்புறத்தைத் துடைத்து, அடியில் காகிதம் விரித்து வையுங்கள். சொட்டிய இடத்தைக் கூலண்டின் நிறமே காட்டிவிடும். இணைப்புகளில் வெண்மையாக உப்புப் பூத்திருப்பதும் கசிவின் அடையாளம். கிளிப்பு தளர்ந்திருந்தால் முறுக்குக; ரப்பர்க் குழாய் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுக. தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர் சொட்டினால் அதன் சீல் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அத்துளையை அடைப்பது நோயை மறைப்பதாகும். அடித்தளத்து நீர் கடல்நீரா கூலண்டா என்று நாவில் வைத்துப் பார்த்தல் கூடாது. கூலண்டில் நஞ்சு உண்டு.

இரண்டாவதாக, ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் மோர்போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. அந்நிலையில் இயந்திரத்தை ஓட்டினால் பேரிங்குகள் கெடும். சூடான பின்னும் வெண்புகை நீங்காமையும், தொட்டியில் ஓயாது குமிழி எழுவதும் ஹெட் கேஸ்கட் பழுதைக் குறிக்கலாம். இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

வெளியிலும் கசிவில்லை, ஆயிலும் நன்றாக உள்ளது. எனினும் நீர் குறைகிறது என்றால் வெப்பமாற்றியை ஐயுறுக. அதன் குழாய் அரித்து ஓட்டையானால் கூலண்ட் யார் கண்ணுக்கும் படாமல் கடலோடு போய்விடும். அதனைக் கழற்றி, முனைகளை அடைத்து, உற்பத்தியாளர் குறித்த அளவில் காற்றேற்றி நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் ஓட்டையைக் காட்டும். கடல்நீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் அரிப்பு விரைவாகும். அதைத் தான் ஏற்று மற்றவற்றைக் காக்கவே துத்தநாகத் துண்டு பொருத்தப்படுகிறது. அது பாதியாகக் கரைந்ததும் மாற்றுதல் சிக்கனமே.

பழுது நீக்கியபின் உவர்க்கிணற்று நீரை ஊற்றாதீர்கள். உள்ளே காறை படியும். வாலைவடிநீரும் கூலண்டும் உரிய அளவில் கலந்தே நிரப்புக. வடித்தெடுத்த பழைய கூலண்டைக் கடலில் கொட்டாது தகரத்தில் சேகரித்துக் கரையில் ஒப்படைக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. வலை பழுதுபார்க்கும் அக்காலமே இச்சோதனைக்கும் ஏற்றது. தொட்டியின் வாயில் பொருத்தி, மூடியில் குறித்த அழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டும் கைப்பம்பு ஒன்று உண்டு. ஆண்டுக்குச் சில நாட்களே வேண்டியிருக்கும் அதனைத் தனியொருவர் வாங்கத் தயங்குவது இயல்பு. சங்கம் ஒன்று வாங்கி வைத்தால் துறையிலுள்ள படகுகள் அனைத்தும் முறைவைத்துப் பயன்படுத்தலாம்.