விளையாட்டில் பலிக்கும் குறி

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்திற்குள் சென்றடையலாம். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு வாலிபன் அஞ்சினான் என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமாகும்.

அவன் இராஜபாளையத்தில் நூற்பாலையொன்றில் வேலைசெய்யும் தாயின் மகன், வணிகவியல் பட்டதாரி, நம் சபை வாலிபருள் ஒருவன். ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. முந்தின வாரத்தில் அவன் தாய் கிளி ஜோசியரிடம் சீட்டு எடுக்கச் செய்திருந்தார், சீட்டு நன்றாயிருக்கவில்லை. குறித்த நாள் காலையில் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரில் அவனுடைய ராசிக்கு நேரே 'நஷ்டம்' என்று அச்சிடப்பட்டிருந்தது. அவன் வீட்டிலேயே இருந்துவிட்டான். இவையெல்லாம் சபைக் குடும்பங்களிலும் நடைபெறுகின்றன என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

நான் விசாரித்தபோது அவன் கிளியைப் பற்றியோ காலண்டரைப் பற்றியோ பேசவில்லை. தான் கைப்பேசியில் ஆடும் விளையாட்டைப் பற்றிப் பேசினான். "ஐயா, அந்த விளையாட்டில் ஒவ்வொரு நாளும் காலையில் குறி கேட்போம். கெட்ட நாள் என்று சொல்லிவிட்டால் சுரங்கத்துக்குள் இறங்கமாட்டோம். எனக்குத் தெரிந்து அது பொய்த்ததே இல்லை. அங்கே பலிக்கிற குறி இங்கே மட்டும் ஏன் பலிக்காது?" என்றான்.

இக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிடுதல் தகாது. மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் இதற்கு விடை கூறிவிடவும் இயலாது. ஏனெனில், அவன் சொன்னதில் முதற்பகுதி உண்மையே. அவ்விளையாட்டில் குறி பலிக்கத்தான் செய்கிறது. அது ஏன் பலிக்கிறது என்பதை அறிந்தாலன்றி, வாழ்க்கையில் அது ஏன் பலிக்காது என்பதை விளக்க முடியாது.

1. விளையாட்டிலுள்ள குறியின் இயல்பு

அவன் குறிப்பிட்டது 'ஸ்டார்டியூ வேலி' என்னும் கற்பனை விளையாட்டு. அமெரிக்கரான எரிக் பரோன் என்பவர் தனியொருவராக உருவாக்கி 2016இல் இதனை வெளியிட்டார். 2018 முதல் நண்பர்கள் பலர் இணையத்தின் வழியாய் ஒன்றுகூடி ஆடவும் வசதி ஏற்பட்டது. அதில் ஒரு சிற்றூர் உண்டு; வயலும் சுரங்கமும் மந்திரவாதியும் உண்டு. ஆடுவோனின் வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு. அதில் குறி சொல்லும் பெண்ணொருத்தி தோன்றி, இன்று ஆவிகள் மகிழ்ச்சியாயிருக்கின்றன என்றோ, மனத்தாங்கலாயிருக்கின்றன என்றோ அறிவிப்பாள்.

ஆவிகள் என்று அங்கே எவையுமில்லை. இருப்பது ஓர் எண் மட்டுமே. ஒவ்வொரு நாளுக்கும் மைனஸ் 0.1 முதல் பிளஸ் 0.1 வரையுள்ள ஓர் எண்ணை அன்றைய அதிர்ஷ்டமாகக் கணினி வைத்துக்கொள்கிறது. பாறையை உடைக்கும்போது அடுத்த தளத்திற்கு இறங்கும் ஏணி தோன்றுவதற்கான வாய்ப்பு முதலிய சிலவற்றில் அந்த எண் கூட்டப்படுகிறது. குறிகாரி அந்த எண்ணைப் பார்த்து, அதற்கேற்ற வாக்கியத்தை வாசிக்கிறாள். ஆகவே அவள் வருங்காலத்தைக் காண்பவளல்லள். ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்ட ஏட்டைப் படிப்பவள். அப்போதும் அவள் உறுதி கூறுவது வாய்ப்பின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. நல்ல நாளிலும் ஏணி கிடைக்காமற்போகலாம்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? கணினி பகடை உருட்டுவதில்லை. அது கணக்கே செய்கிறது. ஒரு சிறு எடுத்துக்காட்டைக் காண்போம். 7 என்ற எண்ணை விதையாகக் கொள்வோம். அதனை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியை எழுதுவோம். 6 வரும். அதே விதியை 6க்குச் செய்தால் 1. பின்பு 8, 11, 10, 5, 12 எனத் தொடரும். விதியறியாதவன் கண்ணுக்கு இவை ஒழுங்கற்றுச் சிதறிய எண்களாகவே தோன்றும். விதையையும் விதியையும் அறிந்தவனுக்கோ அடுத்த எண் எதுவென்பதில் ஐயமே இல்லை. கணினி விளையாட்டுகளில் வழங்கும் அதிர்ஷ்டம் பெரும்பாலும் இவ்வகையானதே. விதிமட்டும் இன்னும் நீண்டது.

1987இல் வெளிவந்த 'நெட்ஹேக்' என்னும் பழைய கற்பனை விளையாட்டு இதனை மேலும் தெளிவாக்கும். அதில் ஒருவகைப் பலகாரத்தை உடைத்தால் உள்ளே குறிச்சீட்டு இருக்கும். ஆசீர்வதிக்கப்பட்ட பலகாரமாயின் மெய்யான சீட்டு வரும். சபிக்கப்பட்டதாயின் பொய்யான சீட்டு வரும். இரண்டுமல்லாததாயின் எதுவும் வரலாம். குறியின் மெய்யும் பொய்யுங்கூட ஆக்கியோன் வகுத்த சட்டமாகவே அமைந்திருப்பதை வாசகர் கவனிக்கவேண்டும். குறியை எழுதியவரும் அதன் நிறைவேறுதலை எழுதியவரும் ஒருவரே. ஆகையால் அவ்வுலகில் குறி பலிப்பது அற்புதமன்று, ஏற்பாடு.

2. நம் ஊர்க் குறிகள்

இனி, கிளிக் கூண்டண்டைக்கு வருவோம். ஜோசியர் பெயரைக் கேட்கிறார். கிளி வெளியே வந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை இழுக்கிறது. ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு உள்ளே செல்கிறது. கிளி கற்றிருப்பது சீட்டை இழுத்தால் தானியம் கிடைக்கும் என்பதொன்றே. அச்சீட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நேர்முகத் தேர்வு நடத்தும் அதிகாரியின் மனத்திற்கும் இடையே எந்த ஏடும் இல்லை, எந்த எண்ணும் இல்லை. விளையாட்டின் குறிகாரிக்கு வாசிக்க ஒன்று இருந்தது. கிளிக்கு வாசிக்க ஒன்றுமில்லை. வேற்றுமை முழுவதும் இதிலேயே அடங்கியுள்ளது.

2024 ஏப்ரலில், பாராளுமன்றத் தேர்தல் வேளையில், கடலூர்த் தொகுதியில் இயக்குநர் தங்கர் பச்சான் வெற்றிபெறுவார் எனக் கிளி ஜோசியம் கூறப்பட்டது நாடறிந்த செய்தி. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகையால், வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றினர். தேர்தலில் வென்றவரோ காங்கிரசின் விஷ்ணு பிரசாத். ஆயினும், ஒரு குறி தவறியதனால் எல்லாம் பொய்யென்று முடிவுசெய்தலும் முறையன்று; ஒரு குறி பலித்ததனால் எல்லாம் மெய்யென்று கொள்வதும் அதே தவறுதான். எண்ணிப் பார்ப்பதே நியாயமான வழி.

அவ்வாறு எண்ணிப் பார்த்தவர் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர். அவரும் அவருடைய தோழரும் மகாராஷ்டிரத்தில் 200 பிள்ளைகளின் ஜாதகங்களைச் சேர்த்தனர். அவர்களுள் 100 பேர் படிப்பில் சிறந்தவர்கள். 100 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஜோசியர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகங்களைக் கொடுத்து, எது எவ்வகைப் பிள்ளையினுடையது எனக் கூறும்படி கேட்டனர். விடையனுப்பிய 27 ஜோசியர்களின் தீர்ப்புகளுள் 46 சதவீதமே சரியாயிருந்தன. நாணயத்தைச் சுண்டிச் சொல்லியிருந்தால் ஏறத்தாழ 50 சதவீதம் சரியாயிருந்திருக்கும். இம்முடிவு 2009இல் வெளியாயிற்று.

அங்ஙனமாயின் குறி பலிப்பதுபோல் நமக்குத் தோன்றுவதேன்? பலித்தவற்றை நினைவில் வைக்கிறோம், பலியாதவற்றை மறந்துவிடுகிறோம். சிவகாசியில் அச்சாகும் காலண்டரின் 'லாபம்', 'சுகம்', 'அலைச்சல்' என்னும் ஒற்றைச் சொற்கள் எந்த நாளுக்கும் ஏதேனுமொரு வகையில் பொருந்தும். இவற்றினும் கொடிய காரணம் மூன்றாவதாக உள்ளது. நம் வாலிபன் அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லவில்லை. ஆகவே வேலை கிடைக்கவில்லை. காலண்டர் சொன்ன நஷ்டம் பலித்தது. பலிக்கச் செய்தவன் அவனே. குறி அவனுக்கு நேரிடப்போவதை அறிவிக்கவில்லை. அவனைக்கொண்டே அதனை நேரிடச் செய்தது.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊழின் வலிமையை அறிந்த அவரே, தளராது முயல்வோர் அதனையும் புறங்காண்பர் எனத் துணிந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

3. விலைக்கு விற்கப்படும் அதிர்ஷ்டம்

அதிர்ஷ்டத்தில் பணம் கலக்கும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. 2020இல் வெளிவந்த 'ஜென்ஷின் இம்பாக்ட்' என்னும் இணைய விளையாட்டில், அரிய வீரர்களைக் குலுக்கல் முறையில் பெறவேண்டும். ஒரு குலுக்கலில் உயர்ந்த தர வீரன் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம் என்று நிறுவனத்தாரே வெளியிட்டுள்ளனர். 90ஆவது குலுக்கலுக்குள் ஒருவன் கிடைப்பான் என்ற உறுதியும் தந்துள்ளனர். இவ்வுறுதி இல்லாமல் 0.6 சதவீதம் மட்டும் இருந்திருப்பின், 90 முறை குலுக்கிய 100 பேரில் ஏறக்குறைய 58 பேர் வெறுங்கையராய் நின்றிருப்பர் என்பது கணக்கு. அவ்விளையாட்டிலும் ஓர் ஆலயமும் நாள்தோறும் எடுக்கும் குறிச்சீட்டும் உண்டு. அச்சீட்டுக்கும் மேற்கூறிய விகிதத்திற்கும் தொடர்பு எதுவுமில்லை. எனினும், இன்ன நேரத்தில் குலுக்கினால் வரும், இன்ன இடத்தில் நின்று குலுக்கினால் வரும் என்னும் நம்பிக்கைகள் ஆடுவோரிடையே வளர்ந்துள்ளன. விகிதம் அச்சிட்டுக் கொடுக்கப்பட்ட பின்பும் மனிதன் சகுனம் தேடுகிறான்!

தமிழ்நாட்டிற்கு இது புதிய அனுபவமன்று. 1968இல் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டின் காலமுதல், எத்தனையோ குடும்பங்களின் கூலி அந்தக் கனவில் கரைந்தது. 2003இல் இம்மாநிலத்தில் பரிசுச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. பின்னர் அதே ஆசை கைப்பேசியில் குடியேறியபோது, 2022இல் தமிழ்நாடு சட்டமன்றமும், 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும் இணையவழிப் பணப் பந்தயங்களுக்கு எதிராகச் சட்டமியற்றின. பிலிப்பி நகரில் குறிசொல்லும் ஆவியுடைய ஓர் அடிமைப் பெண்ணைப் பவுல் விடுவித்தபோது, அவளுடைய எஜமான்களுக்குக் கோபம் மூண்டதேன்? தங்கள் ஆதாயம் அற்றுப்போயிற்று என்று கண்டதனாலேயே (அப்போஸ்தலர் 16:16-19). குறியின் உண்மையை ஆராய்வதற்கு முன் அதன் வருமானம் யாரைச் சேர்கிறது என்று பார்த்தல் நலம்.

4. சீட்டும் திருமறையும்

வேதத்திலும் சீட்டுப்போடும் வழக்கம் இருந்ததே என்பர் சிலர். உண்மையே. இஸ்ரவேலர் சீட்டுப்போட்டு நிலத்தைப் பங்கிட்டனர்; ஆசாரியரிடம் ஊரீம், தும்மீம் இருந்தன; மத்தியா சீட்டினாலேயே அப்போஸ்தலருடன் சேர்க்கப்பட்டான் (அப்போஸ்தலர் 1:26). ஆனால் அச்சீட்டு, கண்ணோட்டமின்றிப் பங்கிடவோ, தகுதியுள்ள இருவரில் ஒருவரைத் தெரிந்துகொள்ளவோ பயன்பட்டது. எதிர்காலத்தை எட்டிப்பார்க்கும் குறியாய் அமையவில்லை. குறி கேட்பதை உபாகமம் 18ஆம் அதிகாரம் திட்டமாய் விலக்குகிறது. மேலும், பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் திருச்சபை சீட்டுப்போட்டுத் தீர்மானித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் நாம் வாசிப்பதில்லை. 15ஆம் அதிகாரத்தில் அவர்கள் கூடுகிறார்கள், வாதாடுகிறார்கள், சாட்சி கேட்கிறார்கள், பின்பு தீர்மானிக்கிறார்கள். சீட்டின் இடத்தைப் பொறுப்புள்ள ஆலோசனை எடுத்துக்கொண்டது. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவிய சகோதரரின் திருச்சபை, திருமணத்தைக்கூடச் சீட்டினால் உறுதிசெய்த காலமுண்டு. அவர்களும் அவ்வழக்கத்தைப் படிப்படியாக விட்டு, 1889இல் முற்றிலும் கைவிட்டனர்.

இவற்றையெல்லாம் அவ்வாலிபனுக்கு எடுத்துரைத்தேன். அவன் பொறுமையாய்க் கேட்டான். பின்பு, "ஐயா, வருஷப் பிறப்பு ஆராதனையில் நீங்களும் தட்டை நீட்டி வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொன்னீர்களே. எனக்குக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது. அதையும் நினைத்துத்தான் நான் போகவில்லை" என்றான்.

எனக்கு மறுமொழி எளிதில் வரவில்லை. கிளியின் சீட்டைக் குறைகூறிய நான், அதே முறையில் வேதவசனத்தைக் குலுக்கி எடுக்கச் செய்திருந்தேன். ஆண்டு முழுவதற்குமான குறியாக அதை அவன் ஏற்றுக்கொண்டானென்றால் அது அவன் குற்றம் மட்டுமன்று. என் போதனையின் குறைவும் ஆகும். வசனம் மெய்யானது. ஆனால் அது வந்த சந்தர்ப்பத்தையும் பொருளையும் விட்டுத் துண்டாக்கி, கை பட்டதையே தெய்வச் சித்தமாகக் கொள்ளும்போது, நாம் வேதத்தை வாசிப்பதில்லை. அதைக்கொண்டு குறி பார்க்கிறோம். இவ்வாண்டு எங்கள் சபையில் அட்டைகளை எடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, முழு அதிகாரம் ஒன்றை எல்லாருமாய் வாசித்து, அதன் பொருளைத் தியானித்தோம். சிலருக்கு வருத்தமே. எனினும் அவர்களோடு பொறுமையாய்ப் பேசிவருகிறோம்.

முடிவுரை

விளையாட்டில் குறி பலிப்பது, அவ்வுலகின் ஒவ்வொரு நாளும் எண்ணாக எழுதப்பட்டிருப்பதனால். நம் நாட்கள் அவ்விதமாய் ஒரு விளையாட்டுக்காரன் கையிலுள்ள எண்கள் அல்ல. கடவுள் வரலாற்றை ஆளுகிறார் என்று விசுவாசிக்கிறோம். ஆனால் அவர் மனிதனைப் பொறுப்புள்ளவனாக அழைத்து ஆளுகிறாரேயன்றி, காலையில் குறியறிவித்து வீட்டுக்குள் அடைத்துவைத்து ஆளுகிறவரல்லர். ஆகவே வாலிபருக்கு நாம் கற்பிக்கவேண்டியது விளையாடாதே என்பதன்று. குறியொன்று எதிர்ப்படும்போது, இதற்கு வாசிக்க ஏதேனும் ஏடுண்டா, இதனை எழுதியவர் யார், இதனால் ஆதாயமடைபவர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவதே நம் கடமை.

சில மாதங்களுக்குப் பின் வேறோர் அழைப்பு அவனுக்கு வந்தது; அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே. அன்று காலண்டரைப் பார்த்தாயா என்று பின்னர் கேட்டேன். பார்த்ததாகவும், அன்றும் நல்ல சொல் இல்லையென்றும், எனினும் காலைப் பேருந்தில் ஏறிச் சென்றதாகவும் கூறினான். வேலை கிடைத்ததா என்று வாசகர் கேட்கக்கூடும். கிடைத்திருந்தால் அதையே மற்றொரு குறியாகக் கொள்வோர் நம்மிடையே உண்டாதலால், அதனை இங்கு எழுதவில்லை. அவன் பேருந்தில் ஏறினான் என்பதே போதுமானது.