நாலு வரிச் செய்தி: அதற்குள் எத்தனை அதிசயம், தெரியுமா?

பத்திரிகையின் பிராந்தியச் செய்திப் பக்கத்தைப் புரட்டுங்கள். மட்டக்களப்பில் லயன்ஸ் கழகத்தின் ஏற்பாட்டில் இலவசக் கண்சிகிச்சை முகாம். றோட்டரிக் கழகத்தின் இரத்ததான நிகழ்வு. வாவிக்கரையில் கண்டல் கன்று நடுகை. நாலு வரி, ஒரு படம், படத்தில் வரிசையாக நிற்கும் பத்துப் பேர். கண் அப்படியே அடுத்த செய்திக்குத் தாவிவிடும். தாவ விடாதீர்கள்! அந்த நாலு வரிக்குப் பின்னால் சிக்காகோ நகரத்துப் பொதுக்கழிப்பறை ஒன்று இருக்கிறது. யுத்த விமானி ஒருவரின் காயப்பட்ட கண் இருக்கிறது. துப்பாக்கிகளையே ஓய வைத்த இரண்டு சொட்டு மருந்து இருக்கிறது!

முதலில் அந்தக் கழிப்பறைக் கதை. 1905 பெப்ரவரி 23 அன்று சிக்காகோவில் 711ஆம் இலக்க அறையொன்றில் நான்கு பேர் கூடினார்கள்: போல் ஹரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையற்காரர். பெரிய நகரத்தில் நட்புக்கு ஆளில்லாத தனிமைதான் அவர்களைச் சேர்த்தது. இந்த முறை ஒருவர் இடத்தில், அடுத்த முறை இன்னொருவர் இடத்தில் என்று மாறி மாறிக் கூடியதால்தான் றோட்டரி என்று பேர் வந்தது. இந்தக் கழகம் ஊருக்குச் செய்த முதல் சேவை என்ன தெரியுமா? சிலையும் இல்லை, மணிக்கூட்டுக் கோபுரமும் இல்லை. 1907இல் நகரத்துக்குப் பொதுக்கழிப்பறை வேண்டும் என்று கிளம்பி, அதைக் கட்டுவித்தார்கள்! பாடசாலைக்கு மலசலகூடம் கட்டிக்கொடுத்த செய்தியைப் பார்த்து ‘இதெல்லாம் ஒரு செய்தியா’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: உலகத்தின் மிகப் பெரிய சேவை இயக்கங்களில் ஒன்றின் சேவை தொடங்கியதே அங்கேதான்.

1929இல் அந்தக் கழகம் கொழும்புக்கு வந்தது. இலங்கையின் முதல் றோட்டரிக் கழகம் அதுதான்.

இனிச் சொல்லப்போவது எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும் விடயம். 1990களின் நடுப்பகுதி. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம். மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஒரு கரையில் ஒருவர் கட்டுப்பாடு, மறுகரையில் இன்னொருவர் கட்டுப்பாடு. மண்முனைத்துறையில் அன்று பாலம் இல்லை. அது 2014இல்தான் வந்தது. அக்கரைக்குப் போக ‘பாதை’தான், ஆட்களையும் சைக்கிள்களையும் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் அந்த மிதவை! அப்படிப்பட்ட காலத்தில், ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் போலியோச் சொட்டு மருந்து விழவேண்டும் என்று நாடு முழுவதும் ஒரே நாள் குறித்தார்கள். எல்லைக் கோடுகள், சோதனைச் சாவடிகள், ஷெல் வீச்சு எல்லாவற்றையும் தாண்டி மருந்துப் பெட்டி எப்படிப் போவது?

யுத்தத்தை நிறுத்தித்தான்! ஆம், அந்த நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அரசாங்கம், யுனிசெஃப், றோட்டரி மூன்றும் சேர்ந்த செயலணி ஒன்று இதற்காக உழைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் கே. ஆர். ரவீந்திரன் என்ற இலங்கையர். யுனிசெஃப்போடு கைகோத்து, விடுதலைப் புலிகளுடன் பேசி, தடுப்பு மருந்து நாட்களுக்குப் போர்நிறுத்தம் பெற்றார்கள். பேச்சுவார்த்தை மேசைகளில் பெரிய பெரிய தலைவர்களால் நிலைக்கவைக்க முடியாத ஒன்றை, ஒரு கைக்குழந்தையின் நாக்கில் விழும் இரண்டு சொட்டு சாதித்தது!

அந்த ரவீந்திரனின் சொந்தக் கதை தெரியுமா? அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தாயாரையே போலியோ தாக்கியது. உடம்பு செயலிழந்து, மூச்சுக்கே போராட்டம். செயற்கைச் சுவாசக் கருவி நாட்டில் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். அவருடைய தாத்தா றோட்டரிக்காரர். அவருடைய கழக நண்பர்கள் சேர்ந்து சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் கருவியை வரவழைத்தார்கள். தாயார் பிழைத்தார், பிறகு எழுந்து நடந்தார்! அந்தத் தாயின் மகன்தான் வளர்ந்து நாட்டின் போலியோ ஒழிப்புக்கு முன்னின்றார். 2015-16இல் உலக றோட்டரியின் தலைவராகவும் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். சுனாமி அடித்துப் போட்ட 25 பாடசாலைகளை மீளக் கட்டிய றோட்டரித் திட்டத்துக்குத் தலைவரும் அவர்தான். 15,000 பிள்ளைகள் அதனால் மறுபடி வகுப்பறைக்குப் போனார்கள்.

சொட்டு மருந்துச் சீசாவைக் கிட்ட வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதன் லேபிளில் ஒரு சிறு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு படப் படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைப் பிடித்துவிட்டால் அந்தச் சீசாவை எறிந்துவிட வேண்டியதுதான். 1996இலிருந்து இந்த அடையாளம் போலியோ மருந்தில் வருகிறது. வெயில் கொளுத்தும் ஒரு குக்கிராமத்தில், மின்சாரமே இல்லாத இடத்தில், தாதி ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் ஒரே பார்வையில் மருந்தின் தரத்தைச் சொல்லிவிடலாம்! இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993இல். 2014 மார்ச் 27 அன்று இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கே ‘போலியோ இல்லை’ என்ற சான்றிதழ் கிடைத்தது. 1988இல் உலகம் முழுவதும் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பிள்ளைகளை முடமாக்கிக்கொண்டிருந்த நோய் அது. மட்டக்களப்புத் தெருவில் போலியோவால் காலில் காலிப்பர் தாங்கி மாட்டிய சிறுபிள்ளையை இன்று காணமுடியாதது ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

சரி, கண்ணுக்கு வருவோம். லயன்ஸ் கழகம் என்றால் ஏன் எப்போதும் கண் முகாம், மூக்குக் கண்ணாடி, வெள்ளைப் பிரம்பு? இதற்கு ஒரு பெண்மணிதான் காரணம்! 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டு மேடையில் ஏறினார் ஹெலன் கெல்லர். பார்வையும் இல்லை, செவிப்புலனும் இல்லை. இருளுக்கு எதிரான போரில் பார்வையற்றோரின் வீரர்களாக நீங்கள் வாருங்கள் என்று அறைகூவினார். அன்று பிடித்த பாதையை அவர்கள் நூறு வருடமாக விடவில்லை. ஐந்து வருடம் கழித்து, பியோரியா நகரத்து லயன்ஸ் உறுப்பினர் ஒருவர், கறுப்புத் தடியோடு தெருவைக் கடக்கத் தடுமாறிய மனிதரை வாகன ஓட்டிகள் கவனிக்கவே இல்லை என்பதைக் கண்டார். தடிக்கு வெள்ளை பூசினால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான்!

கண் முகாமில் ஒரு முறை ஓரமாக நின்று பாருங்கள். வலை பொத்தியே காலம் கழித்த வாவிக்கரை மீனவர், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வருவார். ‘எல்லாம் புகை மூடினாப்போலதான் இரிக்கி மனே’ என்று தாதியிடம் சொல்லும் ஆச்சி வருவார். டோர்ச் வெளிச்சத்தில் கறுமணி பால்நிறமாய்த் தெரியும். அதுதான் கற்றரக்ட். கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். அந்தச் செயற்கை வில்லை எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானிகளின் விமானக் கண்ணாடி உடைந்து, அதன் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குள் போய்த் தங்கிவிட்டன. மாதங்கள், வருடங்கள் ஓடின. கண் அந்தச் சில்லை வெறுக்கவில்லை, வீங்கவில்லை, சீழ் வைக்கவில்லை! ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர் இதைக் கவனித்தார். அதே பிளாஸ்டிக்கில் வில்லை செய்து 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் முதல் தடவையாக ஒரு மனிதக் கண்ணில் வைத்தார். கூட இருந்த வைத்திய உலகம் வருடக் கணக்கில் அவரை எதிர்த்தது. இன்று கோடிக்கணக்கான கண்களுக்குள் அந்த வில்லை இருக்கிறது.

ஆனால் அந்த வில்லை நீண்ட காலம் ஏழைக்கு எட்டவில்லை. ஒன்று நூறு டொலருக்கு மேல்! அதை எட்ட வைத்தது யார்? நம் மதுரை! முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கோவிந்தப்பா வெங்கடசாமி என்ற கண் வைத்தியர், அந்த விரல்களையே பழக்கி எடுத்து ஆயிரமாயிரம் கண்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1992இல் அதன் துணையாக எழுந்த ஒரோலாப் வில்லைகளைத் தானே செய்ய ஆரம்பித்ததும் விலை பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. இலவச முகாம் என்ற சொல்லுக்கே உயிர் வந்தது அந்த விலை இறக்கத்தில்தான்.

நம் நாடு மட்டும் சும்மா இருந்ததா? ஹட்சன் சில்வா என்ற இளம் வைத்தியர் 1958இல் பத்திரிகையில் கண்தானம் கேட்டு எழுதினார். 1960இல் தன் தாய் இறந்தபோது, தாயின் கண்ணின் முன்படலத்தையே எடுத்து ஓர் ஏழைக்குப் பொருத்தினார். 1961இல் கண்தானச் சங்கம் பிறந்தது. 1964இல் சிங்கப்பூருக்குக் கண்கள் பறந்தன. பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு! இந்தச் சின்னஞ்சிறு தீவு உலகத்துக்குப் பார்வை ஏற்றுமதி செய்திருக்கிறது! இதையும் கேளுங்கள்: கண்ணின் அந்த முன்படலத்தில் இரத்தக்குழாயே கிடையாது. காற்றிலிருந்து நேரடியாக ஒட்சிசனை எடுக்கிறது. அதனால்தான் இரத்த வகை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டவரும் கொடுக்கலாம், நீரிழிவுக்காரரும் கொடுக்கலாம். ஆனால் இறந்து சில மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. படங்களில் இன்று நிற்கும் பெண்களால் ஒரு காலத்தில் இந்தக் கழகங்களுக்குள் நுழையவே முடியவில்லை. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊரின் கழகம் பெண்களைச் சேர்த்ததற்காக றோட்டரியிலிருந்தே நீக்கப்பட்டது. 1987இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் வரை போய் வென்றார்கள்! மாதர் சங்கங்கள் ஊரையே தாங்கிப் பிடிக்கும் எங்கள் பகுதியில் இதைக் கேட்பவர்களுக்கு நம்புவதே கஷ்டம்.

இப்போது வாவிக்கு. சுமார் 56 கிலோமீற்றர் நீளம்! பூரணை இரவில் தோணியில் போய்த் துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடும் இசை கேட்கும் என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி நேரில் வந்து கேட்டு, பிறகு புத்தகத்தில் எழுதினார். அந்த இசைக்குக் காரணம் என்று ஊர் மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற ஓட்டுயிரை! அமெரிக்க யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. இந்த வாவிக்கரையில்தான் இளைஞர்கள் வந்து பொலித்தீனும் போத்தலும் பொறுக்குகிறார்கள், கண்டல் நடுகிறார்கள்.

கண்டல் எப்படிப் பிள்ளை பெறுகிறது தெரியுமா? விதை நிலத்தில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, பச்சைக் கோல்போல நீண்டு, பிறகுதான் விழுகிறது! சேற்றில் விழுந்தால் அங்கேயே வேர்விடும். நீரில் விழுந்தால் மிதந்துபோய் இடம் தேடிக்கொள்ளும். அதன் கால்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. 2015இல், தன் கண்டற்காடுகள் முழுவதையும் பாதுகாக்க முன்வந்த முதல் நாடு என்று இலங்கை உலகச் செய்தியானது.

ஆனால் இதையும் சொல்லியே ஆகவேண்டும். சுனாமிக்குப் பிறகு தீவெங்கும் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள். ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு: ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை! தேறியது மொத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நிலம்தான். ஏன்? நீர்மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டது, இடத்துக்கு ஒவ்வாத இனத்தை நட்டது, மாடு தின்றது, நட்டவர்கள் திரும்பி வராதது. கன்று நடும் படத்தைவிட, அடுத்த வருடம் அதே இடத்தில் எடுத்த படத்தைப் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போட வேண்டும் என்பேன். எந்த ஆழத்தில் எது பிழைக்கும் என்று வீச்சுவலைக்காரருக்குத் தெரியும். குழி தோண்டும் முன் அவரைக் கூட்டிவந்து கேட்கும் கழகமே உண்மையில் வாவிக்குச் சேவை செய்கிறது.

கடைசியாக இரத்தம். 14 வயதில் பெரிய சத்திரசிகிச்சைக்கு முகம் கொடுத்து, முன்பின் தெரியாதவர்களின் இரத்தத்தால் பிழைத்தவர் அவுஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹரிசன். 18 வயதானதும் தானும் கொடுக்கத் தொடங்கினார். 81 வயது வரை 1,173 தடவை! அவருடைய குருதியில் இருந்த அபூர்வமான ஒரு பிறபொருளெதிரி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைக் காத்தது. 2025இல் அவர் காலமானார். இங்கேயும் பெருமைப்பட ஒன்று இருக்கிறது: 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தன்விருப்பக் கொடையாளர்களை நம்பியே இயங்குகிறது. காசுக்கு விற்பதும் இல்லை, ‘மாற்றுக்கு ஆள் கொண்டு வா’ என்ற கட்டாயமும் இல்லை! பாடசாலை மண்டபத்திலும் கோயில் மடத்திலும் கழகங்கள் கட்டில் போட்டு நடத்தும் முகாம்கள் இல்லாமல் இது நடக்குமா? ஒரு பை இரத்தத்தைப் பிரித்தால் செங்குழியம் வேறு, திரவவிழையம் வேறு, குருதிச் சிறுதட்டு வேறு என்று வெவ்வேறு நோயாளிகளுக்குப் போகும். சிறுதட்டின் ஆயுள் ஐந்தே நாள். ஆகவே வருடத்தில் ஒரு பெரிய முகாம் போதாது. இடைவிடாமல் எங்காவது ஒரு முகாம் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

உங்களுக்கு 18 வயது தாண்டி, நிறை 50 கிலோவும் இருந்தால், அடுத்த அறிவித்தலைக் கண்டதும் கிளம்பலாம். தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டைக் கட்டாயம் சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். அன்றைக்குப் பாரம் தூக்க வேண்டாம். நாலு மாதம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம்!