இன்ஜெக்டர் எந்த அளவு?

1993-இல் டொயோட்டா சுப்ராவின் நான்காம் தலைமுறை வந்தபோது, ஜப்பானில் விற்ற டர்போ வண்டியிலும் அமெரிக்காவுக்குப் போன டர்போ வண்டியிலும் இருந்தது ஒரே இன்ஜின் குடும்பம்: 2ஜேஇசட்-ஜிடிஇ. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். ஆனால் ஜப்பானிய வண்டியில் நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் தரும் இன்ஜெக்டர், அமெரிக்க வண்டியில் 550 சிசி. 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்த காலம் அது. அமெரிக்க வண்டிக்கு 320 குதிரைத்திறன் என்று முடிவானது. அதற்கேற்ற டர்போ போட்டார்கள், டர்போ தள்ளும் காற்றுக்கேற்ற இன்ஜெக்டரையும் போட்டார்கள்.

இந்த வரிசைதான் முக்கியம். எவ்வளவு சக்தி வேண்டும் என்பது முதலில், இன்ஜெக்டர் கடைசியில். இன்ஜினை மாற்றியமைக்கும் பலர் கடையில் கிடைப்பதிலேயே பெரிய இன்ஜெக்டரை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பெரிய இன்ஜெக்டர் தானாக ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாது.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறு வால்வு. உள்ளே கம்பிச்சுருள், அதன் கீழே ஓர் ஊசி. ஊசிக்குப் பின்னால் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் காத்திருக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் மின்சாரம் அனுப்பியதும் ஊசி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட எழாது; அந்த இடைவெளி வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும். எவ்வளவு பெட்ரோல் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பது திறந்திருக்கும் நேரத்தை வைத்து மட்டுமே.

அந்த நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு. இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சி, அதாவது இரண்டு சுற்று, 20 மில்லி விநாடியில் முடிந்துவிடும். அதற்குள் எவ்வளவு பீய்ச்ச முடியுமோ அவ்வளவுதான். 20-ஐயும் செலவழித்துவிட்டால் ஊசி மூடவே நேரமிருக்காது, கட்டுப்பாடு போய்விடும். அதனால் 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

இனி கணக்கு. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர, டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய 225 கிராம் பெட்ரோல் குடிக்கும். டர்போ இன்ஜின் 270 கிராம் வரை கேட்கும். சிலிண்டரின் சூட்டை அடக்கவே கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் போகிறது. சுப்ராவில் 600 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 162 கிலோ பெட்ரோல், நிமிடத்துக்கு 2700 கிராம். லிட்டருக்கு 740 கிராம் எடை என்று கொண்டால் சுமார் 3650 சிசி. ஆறு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலைக்கு 608, அதை 0.85-ஆல் வகுத்தால் 715. ஆகவே 750 சிசி இன்ஜெக்டர் போதும். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கம்பெனி கொடுத்த 550 சிசி சுமார் 460 குதிரைத்திறன் வரை தாங்கும் என்று தெரியும். அதுவரைக்கும் போகிறவர் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். 3 பாரை 4 ஆக்கினால் வரத்து மூன்றில் ஒரு பங்கு கூடாது, 15 சதவீதம்தான் கூடும். அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வரத்து ஏறும். கூடவே பெட்ரோல் பம்ப் தள்ளும் அளவும் குறையும்.

சின்ன இன்ஜெக்டர் போட்டால் வரும் ஆபத்து பலருக்கும் தெரியும்: முழு வேகத்தில் பெட்ரோல் போதாமல் லீன் ஆகி, கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டன் உருகும். பெரிய இன்ஜெக்டரின் தொல்லை ஐட்லிங்கில் ஒளிந்திருக்கிறது. மூன்று லிட்டர் இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சிலிண்டருக்கு ஏழு மில்லிகிராம் பெட்ரோல் தேவை என்று கொள்வோம். 550 சிசி இன்ஜெக்டர் அதை ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் தரும். 1600 சிசி இன்ஜெக்டருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். ஊசி எழுவதற்கே ஒரு மில்லி விநாடியை ஒட்டிய நேரம் வீணாகும் என்பதை நினைவில் வையுங்கள். பேட்டரி வோல்ட் இறங்கினால் அது இன்னும் நீளும். மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு தவறினால் 550-இல் பெட்ரோல் 10 சதவீதம் மாறும், 1600-இல் 28 சதவீதம். இன்ஜின் குலுங்கும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போய் இன்ஜின் ஆயிலில் கலக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

எரிபொருள் மாறினால் கணக்கும் மாறும். 85 சதவீதம் எத்தனால் கலந்த இ85-க்கு 30 முதல் 40 சதவீதம் கூடுதல் வரத்து வேண்டும். அந்த 750 சிசி ஆயிரத்தைத் தொட்டுவிடும். நம் பங்க்குகளில் இப்போது வரும் இ20-க்குக்கூட ஏழெட்டு சதவீதம் சேர்த்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது சிசி எண்ணோடு நின்றுவிடக் கூடாது. எந்த அழுத்தத்தில் அளந்தது, கம்பிச்சுருளின் மின்தடை 2 - 3 ஓம்மா 12-க்கு மேலா, ஒவ்வொரு வோல்ட்டிலும் ஊசி எழ எவ்வளவு நேரம் என்ற அட்டவணை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அட்டவணை இல்லாத மலிவான 1000 சிசியைவிட அட்டவணையோடு வரும் 750 சிசிக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

ஆறு இன்ஜெக்டரும் ஒரே அளவு பீய்ச்சுகின்றனவா என்று சோதனை மேடையில் அளந்த தாளையும் கேளுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ஆறு சிலிண்டரின் புகையையும் கலந்துதான் பார்க்கிறது. ஐந்து சிலிண்டர் பெட்ரோல் கூடிக் கொஞ்சம் ரிச், ஒன்று மட்டும் ஆபத்தான லீன் என்றாலும் சராசரி சரியாகவே தெரியும். ட்யூனிங் செய்பவர் அந்த எண்ணை நம்பி டர்போ அழுத்தத்தைக் கூட்டுவார். முதலில் உருகுவது அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டன்.