உருளைக்கிழங்கு வறுவல் ஏன் துவண்டு போகிறது?

மாணவர்களே, கடையில் வாங்கும் உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுவென்று இருக்கிறது. அதையே வீட்டில் ஓவனில் செய்தால் துவண்டு போகிறது. ஏன் என்று யோசித்ததுண்டா? காரணம், நீர்.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீர்தான். ஓவனை 220 டிகிரி செல்சியஸில் வைத்தாலும், துண்டின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. கிடைக்கும் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மேற்பரப்பு காய்ந்து, சுமார் 140 டிகிரியை எட்டிய பிறகுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இதை 1912இல் விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் மயாரின் பெயரால் ‘மயார் வினை’ என்கிறோம்.

சூடான எண்ணெய் வெப்பத்தை விரைவாகக் கடத்தும். காற்று அப்படிச் செய்யாது. ஆகவே, ஓவனுக்கு நாம் கொஞ்சம் உதவ வேண்டும்.

1. கிழங்கை 1 சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவையுங்கள். மேற்பரப்பிலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் ஓரளவு கரைந்து வெளியேறும். துண்டுகள் ஒட்டிக்கொள்ளா, சீக்கிரம் கருகா.

2. ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, துண்டுகளை 10 நிமிடம் வேகவையுங்கள். மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகும். பின்னர் அதுவே காய்ந்து மொறுமொறுப்பான மேலோடாகும். செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் அமிலத்தில் மெதுவாகவே கரைவதால் துண்டுகள் உடையா.

3. நீரை வடித்து, ஆவி அடங்கியதும் துணியால் ஒற்றியெடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டுங்கள்.

4. துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பி, 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுடுங்கள். பாதி நேரத்தில் திருப்பிவிடுங்கள். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும். அதைக் கடைசியில் தூவுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பொன்னிறம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறம் கருக்கக் கருக்க ‘அக்ரிலமைட்’ என்ற பொருள் கூடுதலாக உருவாகும். அது விலங்குகளுக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவில் அது உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். பச்சை உருளைக்கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சுடும்போது அக்ரிலமைட்டும் கூடும். காற்றோட்டமுள்ள இருண்ட இடமே நல்லது.

அடுத்த முறை, தட்டின் ஒரு பாதியில் துண்டுகளை இடைவெளி விட்டும், மறுபாதியில் நெருக்கியும் அடுக்கிச் சுட்டுப் பாருங்கள். நெருக்கிய பக்கம் ஏன் துவள்கிறது என்பதை இப்போது நீங்களே வீட்டாருக்கு விளக்கலாம்.