மற்ற நாயைக் கண்டால் நம் நாய் சீறுவதேன்?

நன்றியுள்ள பிராணி எது என்று கேட்டால் சிறு குழந்தையும் நாய் என்று சொல்லிவிடும். அதே பிராணி, கயிற்றில் பிடித்துத் தெருவில் அழைத்துச் செல்லும்போது எதிரே இன்னொரு நாய் வந்தால் ஏன் பேய் பிடித்ததுபோல் பாய்கிறது என்று கேட்டால், பெரியவர்கள்கூட "அது நாயின் குணம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டு மணியால் நாங்கள் பட்ட பாட்டைக் கொண்டு, அது வெறும் குணம் அன்று என்பதைத் தோழியருக்கு விளக்க விரும்புகிறோம். நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும்.

மணி ஒரு நாட்டு நாய். அரசலாற்றங்கரையில் கண்டெடுத்த குட்டி. வீட்டில் பூனையோடும் பாட்டியோடும் அத்தனை சாது. தெருவில் மட்டும் வேறு அவதாரம்.

எங்கள் தாராசுரத்தில் பட்டு நெசவு செய்வோர் அதிகம். காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி இழைகளைச் சரிசெய்வார்கள். ஒருநாள் அந்த வழியே போகையில் எதிரே ஒரு செவலை நாய் வந்தது. மணி பாய்ந்த வேகத்தில் கயிறு தங்கையின் உள்ளங்கையை உரசிக்கொண்டு போய்விட்டது. இரண்டு நாய்களும் கட்டிப்புரண்டு பாவுக்கு அடியில் விழுந்தன. பல இழைகள் அறுந்தன. நாங்கள் அழுதுகொண்டு நின்றோம். நெசவாளர் தாத்தா எங்களைத் திட்டவில்லை. "இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். நாய் வாயில கையக் குடுத்திருந்தா என்ன பாப்பா பண்ணுவே?" என்றார். அப்பா அப்படி விடவில்லை. இன்னொரு முறை இவ்வாறு நடந்தால் மணியைச் சித்தப்பாவின் வயலுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதையே. குரைத்தால் குச்சியால் ஓர் அடி, கழுத்துக் கயிற்றைச் சுண்டி ஓர் இழுப்பு. மணி முன்னைவிட மோசமாயிற்று. தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் போனபோது இதைச் சொன்னோம். "வேறு நாய் வந்தால் அடி விழும் என்று நீங்களே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று.

காரணம் இதுதான். அவிழ்த்துவிட்ட நாய்கள் பெரும்பாலும் நேருக்கு நேர் வருவதில்லை. சற்று வளைந்து, பக்கவாட்டில் நெருங்கி, மோப்பம் பிடித்து, பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடும். கயிற்றில் இருக்கும் நாய்க்கு இந்த மரியாதையெல்லாம் செய்ய வழியில்லை. குறுகிய தெருவில் முகத்துக்கு முகம் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். ஓடவும் முடியாது, ஆகவே முந்திக்கொண்டு மிரட்டுகிறது. நாமும் பயந்து கயிற்றை இறுக்குகிறோம். ஆபத்து வருகிறது என்பதற்கு அந்த இறுக்கமே அதற்கு அடையாளமாகிவிடுகிறது. சில நாய்கள் விளையாடப் போக முடியாத ஏமாற்றத்தாலும் குரைக்கும். மணிக்கு இருந்தது அச்சம்.

அச்சத்திற்கும் வேர் உண்டு. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே குட்டி பிற உயிர்களோடு பழகக் கற்கும் முக்கியமான பருவம் என்று கண்டார்கள். அந்த வாரங்களில் நாங்கள் மணியைக் கொல்லையில் கட்டிவைத்து, வேறு நாயின் வாசனையே படாமல் வளர்த்தோம். பத்திரமாக வளர்ப்பதாக நினைப்பு!

இனி வைத்தியம். 1904-ல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவைப் பற்றித் தோழியர் படித்திருப்பீர்கள். உணவுக்கு முன் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பிறகு ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் உமிழ்நீர் சுரந்தது. எங்கள் மணிக்கு எதிரே வரும் நாயே மணியோசை ஆகவேண்டும். வேறு நாய் தெரிந்தவுடன் தின்பண்டம். அது மறைந்தவுடன் தின்பண்டமும் நின்றுவிடும். வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நக அளவில் நறுக்கிச் சிறு டப்பாவில் எடுத்துப் போனோம். வெள்ளிக்கிழமைகளில் முட்டை.

இதில் தூரமே உயிர்நாடி. மணி மற்ற நாயைப் பார்க்கவேண்டும். ஆனால் உடல் விறைக்கக்கூடாது. வாயை மூடி, காதை முன்னே நீட்டி, கண் கொட்டாமல் பார்த்தால் குரைப்பு வரப்போகிறது என்று பொருள். அந்நிலையில் ஈரலை மூக்கருகே நீட்டினாலும் தின்னாது. உடனே திரும்பிப் போய்விட வேண்டியதுதான். எங்களுக்கு முதலில் 60 தப்படி தூரம் தேவைப்பட்டது. கழுத்துக் கயிற்றுக்குப் பதிலாக மார்பில் மாட்டும் பட்டை வாங்கினோம். ஐராவதேசுவரர் கோயில் வாசலைத் தவிர்த்தோம். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்கோயிலைப் பார்க்க வருவோர் போடும் பிஸ்கெட்டுக்கு அங்கே நாய்கள் கூடியிருக்கும். ஐந்தாம் வாரம் தங்கை, தோழிகள் பார்க்க மணியைப் பெருமையாக ஒரு நாயின் அருகே அழைத்துப் போனாள். பழைய கதை. மறுபடியும் 40 தப்படியிலிருந்து தொடங்கினோம்.

நம் தெருக்களில் இன்னொரு சங்கடம் உண்டு. நாம் விலகினாலும் தெருநாய் தானே தேடி வரும். அதன் எல்லைக்குள் நாம் நுழைந்துவிட்டோம் அல்லவா? கல்லை எடுத்தால் அது ஓடலாம். ஆனால் நம் நாயும் மிரளும். அதன் முன்னே ஒரு பிடி தின்பண்டத்தைத் தரையில் வீசிவிட்டு, ஓடாமல் விலகிப் போவதே எங்களுக்குக் கைகொடுத்தது. காதில் சிறு வெட்டு இருந்தால் அந்நாய்க்குக் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்யப்பட்டிருப்பதன் அடையாளம் அது. 2001-ல் வந்து 2023-ல் புதிதாக எழுதப்பட்ட மத்திய அரசின் விதிகள் இவ்வேலையை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன.

சண்டை மூண்டுவிட்டால் கையை மட்டும் நடுவே விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றலாம், சாக்கை வீசலாம். பல் பட்டால் சிறு கீறலாயினும் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடவேண்டும். வெறிநோய் முற்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. நம் மாநிலத்துக் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது இந்நோய்க்காகத்தான். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று கடியை மறைக்கும் சிறுமியர் நம்மில் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது 15 தப்படியில் வேறு நாய் போனால் மணி அதைப் பார்த்துவிட்டு, "எங்கே என் ஈரல்?" என்பதுபோல் எங்கள் முகத்தைப் பார்க்கிறது. அந்தச் செவலை நாய் மட்டும் இன்னும் பகையே. அப்பா சித்தப்பாவின் வயலைப் பற்றி மறுபடி பேசவில்லை. பாவு நீட்டும் நாளென்றால் நெசவாளர் தாத்தா முதல் நாளே சொல்லியனுப்புகிறார். அன்று நாங்கள் ஆற்றங்கரை வழியாகப் போகிறோம்.