கூலன்ட் படும் கைகள்: கரப்பானும் காளாஞ்சகப்படையும்

கரப்பான் என்று ஊரில் சொல்லப்படும் எக்ஸிமாவும், சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் சோரியாசிஸும் அரிப்பிலும் தடிப்பிலும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டும் வேறு நோய்கள். எக்ஸிமாவில் தோலின் மேலடுக்கு காப்பை இழக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. சோரியாசிஸில் கோளாறு உடலின் எதிர்ப்பாற்றலில் தொடங்குகிறது. அடித்தளத்தில் பிறக்கும் தோல் செல் மேலே வந்து உதிர வழக்கமாக ஒரு மாதம் போல ஆகும். இந்நோயில் சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளிநிறச் செதில்களாக உதிர்கின்றன. இரண்டில் எதுவும் ஒட்டுவாரொட்டி அல்ல. ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்புகளில் செதில் உதிர்பவரின் பாயையும் தட்டையும் தனியாக ஒதுக்கிவைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் ரோலிங் மில்கள், பவுண்டரிகள், உதிரிபாகப் பட்டறைகள் எனத் தோலைச் சோதிக்கும் வேலைகளுக்குக் குறைவில்லை. இங்கே எக்ஸிமா பெரும்பாலும் கையில்தான் தொடங்கும். கடைசல் இயந்திரத்தில் பால்போல வெள்ளையாக ஓடும் கூலன்ட் காரத்தன்மை உடையது. ஆரோக்கியமான தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. எட்டு மணி நேரம் அதில் நனையும் விரலிடுக்குகள் முதலில் வறளும், பிறகு வெடிக்கும். தொட்டியிலுள்ள தண்ணீர் வெயிலில் ஆவியாக ஆவியாகக் கூலன்ட் கெட்டியாகிக்கொண்டே போகும். கலவையின் அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் அவ்வப்போது பார்த்துத் தண்ணீர் சேர்ப்பது இயந்திரத்தின் நலனுக்கான வேலை என்றே பட்டறைகளில் கருதப்படுகிறது. ஆபரேட்டரின் கைக்கும் அதுவே முதல் வைத்தியம்.

கூலன்டைவிடக் கூடுதல் தீங்கு ஷிப்ட் முடிந்தபின் நடக்கிறது. கிரீஸ் போகத் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கை கழுவி, சலவைத்தூள் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்டில் துடைப்பது பரவலான பழக்கம். தின்னர் கிரீஸோடு தோலின் இயற்கைக் கொழுப்பையும் கரைத்து எடுத்துவிடும். அந்தப் பனியன் வேஸ்ட் இயந்திரத்தைத் துடைத்ததாக இருந்தால், அதில் சிக்கிய இரும்புத் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக் கிரீஸை இளக்கி, சுத்தமான துணியால் துடைத்து, மென்மையான சோப்பால் ஒரே ஒரு முறை கழுவினால் போதும். கூடுதலாக ஆவது இரண்டு நிமிடம். கையுறை உதவும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சுழலும் இயந்திரத்தின் அருகே அது கையையே உள்ளே இழுத்துவிடும். ரப்பர் கையுறைக்குள் வியர்வை தேங்கினாலும் தோல் ஊறிப் புண்ணாகும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, நனைந்ததும் மாற்ற வேண்டும்.

கட்டட வேலையில் நிலைமை வேறு. ஈரச் சிமென்ட் கடும் காரம். அதோடு அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையை உண்டாக்கும். டென்மார்க்கில் 1980களிலிருந்து சிமென்டில் இரும்பு சல்பேட் சேர்த்து அந்தக் குரோமியத்தின் வீரியத்தைக் குறைத்தார்கள். கொத்தனார்களிடையே இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே எந்தத் தோல் நோய்க்கும் ‘உப்புத் தண்ணீர்’ மீது பழி விழுகிறது. உப்பு நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, கூடுதலாகத் தேய்க்க நேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் வீட்டு நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி பொருத்தினால் குழந்தைகளின் எக்ஸிமா தணியுமா என்று பிரிட்டனில் 336 குழந்தைகளிடம் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்தக் கருவிக்கு ஆகும் பணத்தில் பல ஆண்டுகளுக்கான வாஸ்லினே வாங்கிவிடலாம். குளித்த ஈரம் உலருமுன், ஓரிரு நிமிடங்களுக்குள் வாஸ்லினோ வாசனை சேர்க்காத கிரீமோ பூசுவதுதான் எக்ஸிமா பராமரிப்பின் அடிப்படை. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் ஏற்றது. வடமாநிலத் தொழிலாளர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் கடுகு எண்ணெய் அப்படியல்ல; சேதமான தோல் தடுப்பு சீரடைவதை அது தாமதப்படுத்துவது எலிகளிடம் செய்த சோதனையில் தெரிந்திருக்கிறது.

சோரியாசிஸ் உள்ளவருக்கு அடிபடாமல் இருப்பதே பாதி மருந்து. கீறிய இடத்திலேயே புதிய படை எழுவதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் கவனித்து எழுதினார். பாதுகாப்புக் காலணி உராயும் கணுக்கால், பெல்ட் இறுகும் இடுப்பு, ஸ்பானர் அழுந்தும் உள்ளங்கை எல்லாம் இதில் சேரும். செதிலைப் பிய்த்தெடுப்பது நோயைத் தானே விதைப்பது. தொண்டைப் புண், புகை, மது, மிகை எடை, தொடர்ந்த மன உளைச்சல் ஆகியவையும் நோயைக் கிளப்பும். எடை குறைந்தால் படையும் தணிவது பல ஆய்வுகளில் கண்டது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவருக்கு மது கூடவே கூடாது, இரண்டும் கல்லீரலைத் தாக்கும். சோரியாசிஸுக்கு அந்த மாத்திரை வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அளவான வெயில் பலருக்கு நன்மை தரும். பர்னஸ் முன்னால் படும் அனலை வெயிலோடு சேர்க்கக் கூடாது. நோய்க்கு உதவுவது வெயிலிலுள்ள புறஊதாக் கதிர், வெப்பம் அல்ல.

கத்தரிக்காய், கருவாடு என்று ‘கரப்பான் பண்டங்கள்’ அத்தனையையும் ஒதுக்குவது பலருக்கும் பழக்கம். ஒரு பண்டத்தைச் சாப்பிட்டபோதெல்லாம் அரிப்பு கூடினால் அவருக்கு அது ஆகாது, அவ்வளவே. எல்லோருக்குமான விலக்குப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. மெஸ் சாப்பாட்டையே நம்பியிருப்பவர் அதிலும் பாதியைத் தள்ளினால் சத்துக்குறைவுதான் மிஞ்சும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம் தனிக் கதை. முதல் வாரத்தில் அது அதிசயம் செய்யும். படர்தாமரையை எக்ஸிமா என்று நினைத்துப் பூசினால் பூஞ்சை அடையாளம் தெரியாதபடி பரவும். சோரியாசிஸில் நீண்டகாலம் பூசித் திடீரென நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பலாம். இத்தகைய 14 கிரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது.

காரணம் வேலையிடத்தில் இருக்கிறதா என்பதற்கு எளிய துப்பு ஒன்று உண்டு: பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனதும் கை தேறி, திரும்பி வேலைக்கு வந்த சில நாட்களில் மறுபடி வெடிக்கும். அப்போது தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்வார். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, பின்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது என்பதால் மூன்று நான்கு நாள் விடுப்பு தேவைப்படும். ரசாயனங்களும் பெயின்ட்டும் தொட்டு வரும் தோலழற்சி, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. அதைக் கண்டறியும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அச்சட்டம்.