இரண்டு ரிங், ஒரு விளக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழக்கூட்டம் ரயில் நிலையத்தில் நின்றால், மலையாளத்துக்கு நடுவே குமரித் தமிழும் காதில் விழும். 1990இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாக டெக்னோபார்க் இங்கே வந்ததிலிருந்து, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது வேலை பார்க்கும் ஊர். வாரம் முழுக்க ஹாஸ்டல். சனி, ஞாயிறு வீடு.

வீட்டுக்குப் போகாத வாரங்களில்தான் போன் தவிக்கும். வாட்ஸ்அப்பில் 2013இல் வந்த குரல் செய்தி, தட்டச்சு பழகாத அம்மாக்களுக்கென்றே செய்தது போல் அமைந்துவிட்டது. மைக் படத்தை அழுத்தியபடி, “சாப்பிட்டியா மக்களே?” என்கிறார் ஒரு தாய். பின்னால் குக்கர் விசில். விசிலை எண்ணுவதற்காகப் பேச்சு பாதியில் நிற்கிறது, பிறகு தொடர்கிறது. கேட்பவருக்கு அந்த இடைவெளியில்தான் வீடு தெரியும். ஜப்பானில் குரிதா என்பவர் 1999இல் உருவாக்கிய 176 எமோஜிகள் உண்டு. அவற்றில் எதுவும் இதற்கு ஈடாகாது.

இப்படிக் குரலை அனுப்புவது கேரளத்துக்குப் புதிதல்ல. வளைகுடாவுக்குப் போனவர்கள் டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்பிய காலம் உண்டு. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய மாப்பிளைப் பாட்டு, மலபார் வீடுகளில் ஒலித்ததும் கேசட்டில்தான்.

பிறகு வந்தது மிஸ்டு கால். 2003 வரை வரும் அழைப்புக்கும் காசு. அது இலவசமான பிறகும், கூப்பிடுகிறவருக்குச் செலவு உண்டே! “போய்ச் சேர்ந்ததும் ரெண்டு ரிங் விடு” என்பது ஒப்பந்தம். எடுத்துவிட்டால்தான் வம்பு. பைசா செலவில்லாமல் ஒரு வீடு நிம்மதியாகத் தூங்கப் போனது.

அதே ரெண்டு ரிங்கைத்தான் ஐரோப்பாவில் விளக்காகச் செய்தார்கள். அலெக்சாண்ட்ரா டெஷாம்ப்ஸ்-சொன்சினோ வடிவமைத்த ‘குட் நைட் லாம்ப்’, வீட்டு வடிவில் ஒரு பெரிய விளக்கும் சில குட்டி விளக்குகளும். இங்கே பெரியதைப் போட்டால், இணையத்தின் வழியே வேறு ஊரில் இருக்கும் குட்டி எரியும். நான் வீடு வந்துவிட்டேன், அவ்வளவுதான் செய்தி. 2015இல் வந்த ஆப்பிள் வாட்ச் இன்னும் ஒரு படி போய், இதயத் துடிப்பையே இன்னொருவர் மணிக்கட்டுக்கு அனுப்பியது. விளக்கு தேவலை. துடிப்பை அனுப்பினால் எந்த அம்மாவும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்வார்.

விளக்குக்கும் மிஸ்டு காலுக்கும் ஒரு நாகரிகம் உண்டு: பதிலை எதிர்பார்ப்பதில்லை. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் கொண்டுவந்த, படித்ததைக் காட்டிக்கொடுக்கும் நீலக் குறி அதைக் கெடுத்தது. படித்தும் பதில் போடவில்லை என்பது ஒரு குற்றமாயிற்று. எதிர்ப்பு கிளம்பவே, அதே மாதம் அதை அணைத்துவைக்கும் வசதியும் வந்தது.

அணைத்துவைத்திருப்பவர்கள் கவனிக்க: குரல் செய்திக்கு அது செல்லாது. கேட்ட மாத்திரத்தில் அந்தக் குட்டி மைக் நீலமாகிவிடும். அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.